ஜூரி சம்மன் வந்திருக்கிறது, என் ஆங்கிலம் போதுமா?

மதுரைக்காரன், சாக்ரமெண்டோ:
சென்ற ஆண்டுதான் அமெரிக்கக் குடியுரிமை பெற்றேன். நேற்று ஜூரி சம்மன் வந்தது, அதாவது வழக்கைக் கேட்டுத் தீர்ப்புச் சொல்லும் குடிமக்கள் குழுவுக்கு நீதிமன்றத்தின் அழைப்பு. அலுவலகத்தில் பேசும் ஆங்கிலம் வேறு, நீதிமன்ற ஆங்கிலம் வேறு அல்லவா? ஒருவருடைய தண்டனையும் விடுதலையும் என் காதில் விழும் சொற்களில் இருக்கிறது என்றால் பயமாக இருக்கிறது. ஆங்கிலம் போதாது என்று எழுதித் திருப்பி அனுப்பிவிடலாமா?

செண்பகம், பிரீமாண்ட்:
அப்படி எழுதாதீர்கள், தம்பி. கலிஃபோர்னியச் சட்டம் கேட்பது போதுமான ஆங்கில அறிவு மட்டுமே. நாள் முழுவதும் ஆங்கிலத்தில் வேலை பார்க்கிற நீங்கள் இல்லை என்று எழுதினால் அது பொய்.

நான் இருமுறை போயிருக்கிறேன். 2016இல் ஜூரிக்கு ஆள் தேர்ந்தெடுக்கும்போது வழக்கறிஞர் ஒருவர், வீட்டில் என்ன மொழி என்று கேட்டார். தமிழ் என்றேன். சற்று நேரத்தில் என் ஜூரி எண்ணை வாசித்து, நன்றி சொல்லி அனுப்பிவிட்டார்கள். பார்க்கிங் வரைக்கும் முகம் எரிந்தது. காரணம் சொல்லாமலே சிலரை நீக்கும் உரிமை இரு தரப்புக்கும் இன்றும் உண்டு. ஆனால் 2022 முதல் குற்ற வழக்குகளில் எதிர்த்தரப்போ நீதிபதியோ ஆட்சேபித்தால் காரணம் சொல்லியாக வேண்டும். ஆங்கிலம் தாய்மொழி இல்லை, வேறு மொழி பேசுகிறார் என்பவை செல்லாத காரணங்கள் என்றே முதலில் கொள்ளப்படும்.

2023இல் அதே கேள்வி, அதே பதில். இம்முறை ஜூரியின் பன்னிருவரில் ஒருத்தியானேன். குடித்துவிட்டுக் கார் ஓட்டிய வழக்கு. காவலர் காரை நிறுத்தியது எத்தனை மணிக்கு என்பதில் எனக்குச் சந்தேகம். மற்ற ஜூரிகளைக் கேட்டால் ஆளுக்கொரு நேரம் சொன்னார்கள், எல்லோரும் இங்கேயே பிறந்தவர்கள். நீதிபதிக்குச் சீட்டு அனுப்பினோம். சுருக்கெழுத்தாளர் அந்தச் சாட்சியத்தை ஏற்ற இறக்கமில்லாமல் வாசித்தார். ஏழு பேர் தங்கள் குறிப்பேட்டில் நேரத்தை அடித்துத் திருத்தினார்கள்.

நிலவன், சான் ஹோசே:
முதல் நாளுக்குப் படி கிடையாது, இரண்டாம் நாளிலிருந்து 15 டாலர். ஜூரிக்குப் போனதற்காக வேலையை விட்டு நீக்க முடியாது. இன்னொன்று: ஓட்டுநர் உரிமப் பட்டியலிலிருந்தும் பெயர் எடுப்பதால், கிரீன் கார்டு வைத்திருக்கும் என் அப்பாவுக்கும் சம்மன் வந்தது. குடிமகன் அல்ல என்று குறித்து அனுப்பினோம். குப்பையில் போட்டுவிடக் கூடாது.

மதுரைக்காரன்:
போகிறேன், அக்கா. விசாரணை நடுவில் ஒரு சொல் புரியாவிட்டால்?

செண்பகம்:
காதில் விழவில்லை என்றால் உடனே கையைத் தூக்குங்கள். எங்கள் வழக்கில் மூன்றாம் இருக்கைப் பெரியவர் தூக்கினார், சாட்சி மைக்கை இழுத்துவைத்து மறுபடி சொன்னார். சாட்சியிடம் கேட்க வேண்டியது இருந்தால் சீட்டில் எழுதிக் கொடுங்கள், கேட்கலாமா என்பதை நீதிபதி முடிவு செய்வார்.