புதுப்பிப்பு: சாகிஷிமா கடலோர ஜிசோவைப் பார்த்தாயிற்று

ஜப்பானின் ஹிரோஷிமா மாவட்டத்தின் சாகிஷிமா தீவில், கரையோரப் பாறையில் செதுக்கிய ஜிசோ என்ற பௌத்தப் புனிதரின் சிலையை எந்நேரம் பார்ப்பது நல்லது என்று போன பதிவில் கேட்டிருந்தேன். வற்றம் (கடல்நீர் இறங்கியிருக்கும் நேரம்) பார்த்துப் போகச் சொன்ன எல்லோருக்கும் நன்றி.

மிஹாரா துறைமுகத்திலிருந்து படகில் போனேன். தீவைச் சூழ்ந்த செத்தோ உள்கடலில் நீர்மட்டம் மீட்டர் கணக்கில் ஏறி இறங்கும். ஓதத்தின்போது, அதாவது கடல்நீர் ஏறும்போது, சிலை தோள்வரை மூழ்கிவிடும். நான் போனபோது தண்ணீர் நன்றாக உள்வாங்கியிருந்தது. நெருங்கி நின்று கும்பிட்டேன். 1300இல் நென்ஷின் என்ற சிற்பி வடித்தது. எழுநூறு வருட உப்புநீருக்குப் பிறகும் அந்த முகத்தில் சாந்தம் குறையவில்லை! குழந்தைகளையும் வழிப்போக்கர்களையும் காப்பவர் ஜிசோ; நம் பௌத்த நூல்கள் க்ஷிதிகர்ப்பர் என்கிற அதே போதிசத்துவர்.

போகிறவர்கள் மிஹாராவுக்கான ஓத அட்டவணையை (கடல்நீர் ஏறி இறங்கும் நேரங்களை) முதலில் பாருங்கள், படகு நேரத்தை அதற்கேற்ப வையுங்கள். பாசி படிந்த கல் வழுக்கும், பிடிப்புள்ள செருப்பு அவசியம்.