சினை நிற்காத பசு: கருப்பை பயாப்சி ரிப்போர்ட்டை எப்படி எடுத்துக்கொள்வது?

பாகூர்_மாட்டு_டாக்டர்:
பாகூர் பக்கம் ஒரு ஜெர்சி கலப்பினம், மூன்றாம் ஈத்து, ஈன்று ஐந்து மாதம் ஆகிறது. நாலு தடவை சினை ஊசி போட்டும் நிற்கவில்லை. 21 நாளுக்கு ஒருமுறை தவறாமல் பருவத்துக்கு வருகிறது, வழும்பு கண்ணாடி மாதிரி இருக்கிறது, கை விட்டுப் பார்த்ததிலும் ஒன்றும் தட்டுப்படவில்லை. போன வாரம் பருவத்துக்கு வந்த அன்றே, கருப்பை வாய் திறந்திருக்கிறதே என்று பயாப்சிக்கு உள்சுவரில் ஒரு துண்டு திசு எடுத்து ஃபார்மலினில் போட்டு லேபுக்கு அனுப்பினேன். ஸ்ட்ரோமாவில் (சுரப்பிகளைத் தாங்கும் திசுவில்) நீர்க்கோர்ப்பு, மேலடுக்கில் அங்கங்கே நியூட்ரோஃபில் எனும் வெள்ளையணு, திசு நசுங்கியிருக்கிறது, லேசான எண்டோமெட்ரைட்டிஸாக (கருப்பை உள்சுவர் அழற்சியாக) இருக்கலாம் என்று ரிப்போர்ட் வந்திருக்கிறது. மாட்டுக்காரர் "உள்ளே புண்ணா டாக்டர்?" என்று தினமும் போன். ஆன்டிபயாட்டிக் விடலாமா?

நெல்லிக்குப்பம்_ரிட்டயர்டு:
தம்பி, அவசரப்படாதீங்க. பருவத்தில் இருக்கும் பசுவுக்கு ஈஸ்ட்ரோஜன் வேகத்தில் கருப்பை வீங்கி நீர் கோர்ப்பதும் நாலு நியூட்ரோஃபில் மேலே ஏறி நிற்பதும் இயல்பு. அதே படம் பருவம் முடிந்து பத்தாம் நாள் எடுத்த திசுவில் தெரிந்தால்தான் யோசிக்க வேண்டும். நாள்பட்ட அழற்சியில் வரும் பிளாஸ்மா செல், லிம்ஃபோசைட் கூட்டம், சுரப்பியைச் சுற்றி நார்த்திசு, இதில் ஏதாவது எழுதியிருந்ததா? இல்லையென்றால் நாள்பட்ட சங்கதி என்று சொல்ல முடியாது. பருவத்தில் எடுத்தது, எத்தனையாவது ஈத்து, ஈன்ற தேதி, இதெல்லாம் படிவத்தில் எழுதினீங்களா? பிறந்த நேரம் சொல்லாமல் ஜாதகம் கேட்டால் அவர்தான் என்ன செய்வார்!

ஸ்லைடு_பார்ப்பவன்:
லேபில் உட்கார்ந்திருப்பவன் என்ற முறையில் என் புலம்பலையும் கேளுங்கள். பாதி திசு எங்களிடம் வருவதற்குள்ளேயே செத்துவிடுகிறது. சின்னக் குப்பியில் திணித்து அனுப்புவார்கள். போகும்போது மெத்தென்று போன துண்டு விறைத்துப்போய் வாய்க்குள்ளிருந்து வெளியே வராது, இழுத்தால் நசுங்கும். அகல வாய் டப்பா, திசுவைப் போல் பத்து மடங்கு 10 சதவீத ஃபார்மலின், இது போதும். பயாப்சி கருவியின் பல்லிலிருந்து துண்டை ஃபோர்செப்ஸால் பிடுங்காமல் ஊசி முனையால் மெல்லத் தள்ளி எடுங்கள். நசுங்கிய இடத்தில் செல் எல்லாம் கறுப்புத் தீற்றலாகத்தான் தெரியும், அதை அழற்சி என்று யாராவது படித்துவிட்டால் உங்கள் பாடு. கருப்பைக்கும் விரைக்கும் ஃபார்மலினுக்குப் பதில் பூவன் (Bouin) திரவம் இன்னும் நல்லது, ஒரு நாளுக்கு மேல் வைக்காமல் 70 சதவீத ஆல்கஹாலுக்கு மாற்றிவிட வேண்டும். விரல் மஞ்சளாகும், கையுறை போடுங்கள். அதில் இருக்கும் பிக்ரிக் அமிலம் காய்ந்தால் வெடிக்கும், மூடியில் படிய விடாதீர்கள்.

பாகூர்_மாட்டு_டாக்டர்:
மானம் போகிறது. பென்சிலின் குப்பியில்தான் போட்டேன், படிவத்தில் "பசு, சினை நிற்கவில்லை" என்பதோடு சரி. ஒரு சந்தேகம், கருப்பை பயாப்சியைத் தரம் பிரிக்கக் குதிரைக்குச் சொல்லும் கென்னி கிரேடை இதற்கும் போட முடியுமா?

நெல்லிக்குப்பம்_ரிட்டயர்டு:
கூடாது. I, IIA, IIB, III என்று பிரித்தது பெண்குதிரை குட்டி ஈனும் வாய்ப்பை வைத்து, III என்றால் 10 சதவீதத்துக்கும் கீழே. பசுவுக்கு அப்படியே ஒட்ட வைத்தால் மாட்டுக்காரர் நாளைக்கே சந்தைக்கு ஓட்டிவிடுவார். இந்தப் பருவத்துக்கு ஊசி போடவில்லைதானே? போட்டிருந்தால் கரு தங்கியிருக்கலாம், உள்ளே கையே வைக்காதீங்க. போடவில்லையென்றால் பத்தாம் நாள் வாக்கில் முதலில் சைட்டோபிரஷ் (செல்லைச் சுரண்டி எடுக்கும் சின்ன பிரஷ்) வைத்து எடுத்து, கண்ணாடியில் தடவி ஒரு ஸ்மியர் பாருங்கள், அப்புறம் தேவைப்பட்டால் பயாப்சி. அதுவரைக்கும் ஆன்டிபயாட்டிக் வேண்டாம்.

பாகூர்_மாட்டு_டாக்டர்:
போடவில்லை சார். வெள்ளிக்கிழமை பத்தாம் நாள். அகல வாய் டப்பா இன்றைக்கே வாங்கிவிட்டேன்.