கம்பஸுக்கும் மில்லுக்கும் நடுவில அரசாங்கக் காசு: ஆருக்குக் குடுக்கிறது?

பரந்தன்_மில்காரர்

அண்மையில ஒரு கருத்தரங்குக்குக் கூப்பிட்டவை. பல்கலைக்கழக அறிவை உள்ளூர்த் தொழிலுக்குக் கொண்டுவாறதாம். எங்க, ஆர் எண்டு சொல்லேல்ல, வம்பு வேண்டாம். ஃபைல் ஒண்டு, பேனை ஒண்டு, சோத்துப் பார்சல், குறூப் ஃபோட்டோ. கடைசியில ஒருத்தர் எழும்பி, இந்த வேலைக்கு அரசாங்கம் இன்னும் காசு ஒதுக்கோணும், தொழில்காரரும் கடிதத்தில கையெழுத்து வையுங்கோ எண்டார். நான் வைக்கேல்ல.

காலமை எட்டரையில இருந்து பின்னேரம் மூண்டு மணி வரைக்கும் அங்க இருந்தன். உங்கட மில்லில என்ன பிரச்சினை எண்டு ஒருத்தரும் வாய் திறந்து கேக்கேல்ல. இதுக்கு ஏன் பொதுக் காசு? இங்க கம்பஸ் ஆக்களும் இருக்கிறியள்தானே, சொல்லுங்கோ பாப்பம்.

பொறியியலன் (அறிவியல்நகர்)

அண்ணை, கருத்தரங்குகளைப் பற்றி நீங்கள் சொன்னதை நான் மறுக்கவில்லை. நானும் அந்தச் சோத்துப் பார்சல் சாப்பிட்டவன்தான். ஆனால் அதை வைத்துக்கொண்டு பொதுக் காசே வேண்டாம் என்பது சரியில்லை.

உங்கள் தொழிலையே எடுங்கள். புழுங்கலுக்கு நெல்லைப் பச்சைத் தண்ணியில் ஒரு நாள், இரண்டு நாள் ஊறவிட்டால் தொட்டி புளித்து மணக்கும், அந்த மணம் சோறு வரைக்கும் வரும். 70 பாகை அளவிலான சுடுதண்ணியில் ஊறவிட்டால் மூன்று, நான்கு மணித்தியாலத்தில் வேலை முடியும், மணமும் இல்லை. இதை ஒழுங்கான முறையாக்கி மில்களுக்குக் கொண்டுபோனது மைசூரில் இருக்கிற மத்திய உணவுத் தொழில்நுட்ப ஆராய்ச்சி நிறுவனம். முழுக்க இந்திய அரசின் காசு. எந்த மில்காரராவது தனியாக அந்தச் செலவைப் போட்டிருப்பாரா? போட்டுக் கண்டுபிடித்தால் அடுத்த மாதம் பக்கத்து மில்காரர் பார்த்துச் செய்துவிடுவார். செலவு ஒருவருக்கு, பலன் ஊருக்கு. அதனால்தான் ஒருவரும் போடுவதில்லை, அரசு போட வேண்டியிருக்கிறது. எங்கள் இலங்கை ஆராய்ச்சிக்கும் அபிவிருத்திக்கும் செலவழிப்பதோ மொத்த உள்நாட்டு உற்பத்தியில் 0.1 சதவீதத்தை ஒட்டியே கிடக்கிறது.

பரந்தன்_மில்காரர்

தம்பி, சுடுதண்ணிக் கதை எனக்குத் தெரியாததில்லை. தஞ்சாவூர்ப் பக்கம் போய்க் கண்ணால பாத்திட்டு வந்தனான். யூடியூப்பிலயும் கிடக்கு. தெரியாததால நான் செய்யாமல் இருக்கேல்ல.

என்ர தொட்டி சீமெந்துத் தொட்டி. அப்பா கட்டினது, செல்லடியில ஒரு மூலை வெடிச்சு நான் திருப்பிப் பூசினது. அதுக்குள்ள 70 பாகைத் தண்ணி விட்டால் பூச்சுத் தாங்குமோ? பொயிலரில இருந்து எத்தினை அங்குலக் குழாய் இழுக்கோணும்? தண்ணியைத் திருப்பிச் சுத்த விடாட்டி அடியில சூடு, மேல பச்சை, நெல்லு பாதி வெந்து பாதி வேகாது. நூறு கிலோ நெல்லு குத்தினால் இருபது கிலோவுக்கு மேல உமி வருது, அதை வளவில குவிச்சு வைச்சு நெருப்பு வைக்கிறன். அந்த உமியே தண்ணி சூடாக்கக் காணுமோ காணாதோ? இதை ஆர் வந்து என்ர தொட்டிக்குப் பக்கத்தில நிண்டு கணக்குப் பாத்துச் சொல்லுவினம்? அதுக்கு ஆள் இல்லை. பனர் அடிக்க ஆள் இருக்கு.

இதுக்குள்ள எங்கட நெல்லு ஈரத்தோட லொறியில பொலன்னறுவைக்குப் போய், அரிசிப் பையாகி கிளிநொச்சிச் சந்தைக்கே திரும்பி வருது.

தோழர்_முள்ளியவளை

இருவருமே அடிப்படைக் கேள்வியைத் தாண்டிப் போகிறீர்கள். தனியார் மில் ஒன்றின் தொட்டியைத் திருத்துவதற்கு நான் ஏன் வரி கட்ட வேண்டும்? இலாபம் வந்தால் மில்காரருக்கு. ஆய்வுச் செலவு மட்டும் எல்லோருக்குமா?

2017இல் உயர்கல்வி விரிவாக்கத்துக்கென்று உலக வங்கியிடம் 100 மில்லியன் டொலர் எடுத்தார்கள். பல்கலைக்கழகங்களை வணிகத்தோடு இணைக்கும் பிரிவுகளும் அந்தத் திட்டத்துக்குள்தான் வந்தன. அது கடன். அதைத் திருப்பிக் கட்டுவது யார்? சவர்க்காரத்துக்கும் தீப்பெட்டிக்கும் 18 சதவீதம் வற் வரி கட்டுகிற விசுவமடுவில் உள்ள கூலிக்காரியும் சேர்த்துத்தான்.

மற்றது, அறிவு இல்லாததாலா நாங்கள் கெட்டோம்? 2021இல் ஒரே இரவில் இரசாயன உரத்தை நிறுத்தினார்கள். விவசாய விஞ்ஞானிகள் வேண்டாம், விளைச்சல் விழும் என்று எழுதிக் கொடுத்தார்கள். கேட்க ஆளில்லை. அந்தக் காலபோகத்தில், அதாவது மாரி நெற்செய்கையில், வன்னி வயல்கள் எப்படி மஞ்சளடித்துக் கிடந்தன என்பதை இங்கே யாருக்கும் நான் சொல்லத் தேவையில்லை. பல்கலைக்கழகத்தின் முதல் கடமை விவசாயிக்கு, மக்களுக்கு. வியாபாரிக்கு ஆலோசனை சொல்லிச் சம்பாதிப்பதற்கா இலவசக் கல்வியைக் காத்தோம்?

பனங்கிழங்கு_அக்கா (புதுக்குடியிருப்பு)

மாஸ்ரர், நீங்கள் சொல்லுற அந்த வியாபாரி நான்தான் எண்டால் சிரிப்பு வருது. நானும் இன்னும் நாலு பொம்பிளையளும். ரெண்டு பேர் புருசன் இல்லாதவை.

ஒடியல் மா, மிளகாய்த்தூள், முருங்கையிலைத் தூள் செய்யிறம். கொழும்பில ஒரு பெரிய கடை எடுக்கிறம் எண்டவை. ஆனால் காலாவதித் திகதி எப்பிடிப் போட்டனீங்கள், ஆய்வுகூட அறிக்கை எங்க எண்டு கேட்டினம். நான் ஆறு மாசம் எண்டு போட்டனான். ஏன் ஆறு? பக்கத்துக் கடைப் பக்கெற்றில ஆறு எண்டு கிடந்தது, அதுதான் விளக்கம். மாரியில மெல்லிய பொலித்தீனில அடைச்ச மா மூண்டாம் மாசமே கட்டி பிடிக்குது, கையில எடுத்தால் ஒரு பூஞ்சண மணம். வெயிலில காயவிட்டது காணாதோ, பை சரியில்லையோ, ஒட்டுற மிசின் சரியில்லையோ, எனக்கெண்டால் பிடிபடேல்ல.

ஒரு கம்பஸுக்குப் போனன். கடிதம் துறைத் தலைவருக்கு, பிறகு பீடாதிபதிக்கு, பிறகு காசு எந்தக் கணக்கில கட்டுறது எண்டு ஒரு சண்டை. பனங்கிழங்குக் காலமே முடிஞ்சு போச்சு. நல்ல பிள்ளை ஒண்டு இறுதி வருச ஆய்வுக்கு என்ர மாவை எடுத்துக்கொண்டு போச்சுது. ஆய்வு முடிஞ்சு பட்டமும் எடுத்திட்டுதாம், சந்தோசம். அறிக்கை இங்கிலிசில லைபிரறியில இருக்காம். என்ர மாவைப் பற்றி எனக்குத் தெரியாத விசயம் அதுக்குள்ள கிடக்கு!

அந்தக் கூலிக்காரியும் என்னட்டதான் வேலைக்கு வாறவ, மாஸ்ரர்.

வற்றாப்பளையான் (லண்டன்)

அக்காவின் பிரச்சினைக்கு உலகத்தில் ஏற்கனவே விடை இருக்கிறது. இங்கே பிரித்தானியாவில் 1975இலேயே ஒரு திட்டம் தொடங்கினார்கள், 2003இல் அது அறிவுப் பரிமாற்றக் கூட்டாண்மை என்று உருமாறியது. பட்டதாரி ஒருவர் ஒன்றிலிருந்து மூன்று வருடம் கம்பனிக்குள்ளேயே உட்கார்ந்து ஒரே ஒரு பிரச்சினையில் வேலை செய்வார், பின்னால் பல்கலைக்கழக ஆசிரியர் நிற்பார். சிறிய நிறுவனம் செலவில் மூன்றில் ஒரு பங்கு மட்டும் போட்டால் போதும், மிச்சம் அரசு.

அதைவிட எனக்குப் பிடித்தது நெதர்லாந்து. 2004இல் சிறு தொழில்களுக்கு 7,500 யூரோ வரை பெறுமதியான வவுச்சர் கொடுத்தார்கள். காசாக மாற்ற முடியாது, ஆராய்ச்சி நிறுவனத்திடம் ஒரு கேள்வியைக் கொண்டுபோய் வேலை வாங்கத்தான் முடியும். இருந்தது 100, கேட்டது ஆயிரத்துக்கு மேற்பட்டோர். அதனால் குலுக்கல் போட்டார்கள். குலுக்கல் என்றபடியால் கிடைத்தவரையும் கிடைக்காதவரையும் ஒப்பிட்டு ஆராய முடிந்தது. பத்து வவுச்சரில் எட்டு, அது இல்லாவிட்டால் நடந்தே இராத வேலைக்குப் போயிருந்தது. மாஸ்ரர் ஐயா, அரசாங்கக் காசு தனியார் எப்படியும் செய்யப்போகிற வேலைக்குத்தான் போகும் என்பவர்களுக்கு இது பதில்.

காசைக் கம்பஸிடம் கொடுக்காதீர்கள். அக்காவிடம் கொடுங்கள், அவ போய் வேலை வாங்கட்டும்.

பரந்தன்_மில்காரர்

லண்டன் தம்பி, குலுக்கல் எண்டது நெதர்லாந்தில. இங்க குலுக்கிற பெட்டிக்குள்ள ஆற்ற பேர் கிடக்கும் எண்டு எனக்குத் தெரியும், உமக்கும் தெரியும்.

எனக்கு வேற யோசினை இருக்கு. தேயிலை ஆராய்ச்சி நிலையம் 1925இல வந்தது. தோட்டக்காரர் ஏற்றுமதித் தேயிலையில இறாத்தலுக்கு இவ்வளவு எண்டு தீர்வை கட்டித்தான் நடத்தினவை. தங்கட காசு எண்டபடியால் தங்களுக்கு வேணுமான ஆராய்ச்சியைக் கேட்டு வாங்கினவை. நாங்களும் மூட்டைக்கு ஒரு ரூபா, ரெண்டு ரூபா போட்டு ஒரு எஞ்சினியரை வைப்பம். அப்ப ஆரட்டயும் கையேந்தத் தேவையில்லை.

தோழர்_முள்ளியவளை

அந்த இரண்டு ரூபாவை நீங்களா கட்டுவீர்கள்? நெல் வாங்கும்போது விலையில் கழித்துவிடுவீர்கள். அறுவடை முடிந்து, கடன்காரன் படலையில் நிற்க, நெல்லைக் காயவைக்கத் தளமில்லாமல் வீதியில் பரப்பி வைத்திருக்கிறவன் உங்களிடம் பேரம் பேசவா போகிறான்? தீர்வை என்ற பேரில் விவசாயி தலையில்தான் விழும். தேயிலைத் தோட்டக் கணக்கைச் சொல்கிறீர்கள், அந்த இறாத்தல் கொழுந்தைக் கிள்ளியவர்களின் கூலி அப்போது எவ்வளவு என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

பொறியியலன்

வவுச்சரைக் கேட்கும்போது நன்றாகத்தான் இருக்கிறது. உள்ளுக்குள் இருக்கிறவன் என்ற முறையில் சொல்கிறேன், அது மட்டும் போதாது. அக்கா வவுச்சரோடு வருகிறார் என்று வையுங்கள். ஈரப்பதன் அளக்கிற கருவி பழுது, திருத்துகிற ஆள் கொழும்பிலிருந்து வர வேண்டும். ஆய்வுகூட உத்தியோகத்தர் பதவி வெற்றிடம். விரிவுரையாளருக்குப் பதவி உயர்வு பெரும்பாலும் ஆய்விதழ்க் கட்டுரைகளில் தங்கியிருக்கிறது. ஒடியல் மாவின் காலாவதித் திகதியைக் கண்டுபிடித்தால் எந்த ஆய்விதழ் போடும்? புத்தம்புதிய கேள்வி இல்லையே அது. அதனால்தான் அந்தப் பிள்ளையின் அறிக்கை லைபிரறியோடு நின்றது, பிள்ளையில் குற்றமில்லை.

கூப்பிட்டால் எழும்பி வர ஆள் வேண்டும். அந்த ஆளுக்கு மாதச் சம்பளம் வேண்டும், திட்டம் முடிந்ததும் முடிந்துபோகிற ஒப்பந்தச் சம்பளம் சரிவராது. ஜெர்மனியில் ஃபிராவுன்ஹோஃபர் நிறுவனங்கள் கம்பனிகளுக்கு ஒப்பந்த ஆராய்ச்சி செய்துதான் பிழைக்கின்றன என்பார்கள். அங்கேகூட ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு அரசின் நிலையான நிதி. இங்கே யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் விவசாய பீடம், பொறியியல் பீடம், தொழில்நுட்ப பீடம் மூன்றும் கிளிநொச்சி அறிவியல்நகரில் இருக்கின்றன, வவுனியா 2021இல் தனிப் பல்கலைக்கழகமாகியும் விட்டது. கட்டிடம் இருக்கிறது, மோட்டார் சைக்கிளில் பரந்தனுக்கும் புதுக்குடியிருப்புக்கும் போய்த் தொட்டியையும் மாவையும் பார்க்க முழுநேர ஆள் ஒருவர் இல்லை. என் கணக்கில் முதல் ரூபா அவருக்கு.

பனங்கிழங்கு_அக்கா

அந்த மோட்டார் சைக்கிள்காரர் வந்து என்ன செய்வார்? படம் எடுத்துக்கொண்டு போவாரோ, இல்லை அறிக்கையைத் தமிழில ரெண்டு பக்கத்தில எழுதித் தருவாரோ? எழுதித் தருவாரெண்டால் வரச் சொல்லுங்கோ, தேத்தண்ணியும் குடுப்பன்.

தோழர்_முள்ளியவளை

தங்கச்சி கேட்டதுதான் என் நிபந்தனையும். பொதுக் காசு ஒரு சதம் போனாலும், வந்த முடிவு தமிழில், எல்லோரும் எடுத்துப் படிக்கக்கூடியதாக இருக்க வேண்டும். காப்புரிமை எடுத்து இருபது வருடம் பூட்டி வைக்கிற வேலைக்கு என் வரிக் காசு கிடையாது. சிறிய ஆட்களின் கூட்டுறவுக்கு என்றால் ஒத்துக்கொள்வேன். மில் முதலாளிக்கு என்றால், மில்காரர் தம்பி, உங்கள் தொட்டி திருந்திய பிறகு மாவட்டத்தில் உள்ள மற்ற மில்காரரும் உள்ளே வந்து பார்க்கலாம் என்று எழுதித் தருவீர்களா?

பரந்தன்_மில்காரர்

எழுதித் தரமாட்டன். ஒளிக்காமல் சொல்லுறன். மூண்டில ஒரு பங்கு என்ர காசும், திருத்தும் மட்டும் மில்லைப் பூட்டி வைச்ச நட்டமும் என்ரது. அதுக்குப் பிறகு பக்கத்து மில்காரர் செருப்பைக் கழட்டாமல் உள்ள வந்து குழாய் எத்தினை அங்குலம் எண்டு அளப்பாராம்.

பொறியியலன்

அண்ணை, பக்கத்து மில்காரருக்குப் போய்ச்சேராது என்றால் அரசு காசு போடுவதற்கு நான் மேலே சொன்ன காரணமே இல்லாமல் போகிறது. அப்போது அது உங்களுக்கு மானியம் மட்டும்தான். வங்கிக்குப் போங்கள்.

பரந்தன்_மில்காரர்

வங்கி மிசினுக்குக் கடன் தரும், காணி உறுதியைக் கேக்கும். யோசினைக்கும் கணக்குக்கும் கடன் தாற வங்கி இருந்தால் சொல்லும், நாளைக்கே போறன்.

வற்றாப்பளையான்

இடையில் ஒரு வழி: கொஞ்சக் காலம் உங்களுக்கு மட்டும், பிறகு எல்லோருக்கும்?

பரந்தன்_மில்காரர்

ஒரு காலபோகம், ஒரு சிறுபோகம். ரெண்டும் என்ர தொட்டியில ஊறி முடியட்டும், அதுக்குப் பிறகு ஆரும் வரலாம். அரசாங்கப் பங்கை முன்னுக்குத் தரவேண்டாம், அரிசி மணக்காமல் வந்த பிறகு தந்தால் காணும்.

தோழர்_முள்ளியவளை

ஒரு போகம். சிறுபோகத்துக்கு இரணைமடுக் குளத்தில் தண்ணி இல்லையென்று சொல்லி மூன்று வருடம் இழுப்பீர்கள், எனக்குத் தெரியாதா?

பரந்தன்_மில்காரர்

சரி, மாஸ்ரர், காலபோகம் மட்டும். ஆனால் பொலன்னறுவைக்காரர் வந்தால் படலை திறக்கமாட்டன், அதையும் எழுதுங்கோ.