பழைய கோல்ஃப் செட் வாங்கும் முன் எதையெல்லாம் சோதிக்க வேண்டும்?

அடையாறு வாசகர் எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். கடந்த எட்டு மாதங்களாக நந்தனம் கோல்ஃப் மைதானத்தில் வாடகை மட்டைகளை வைத்துக்கொண்டு ஆடக் கற்று வருகிறேன். இனிமேல் சொந்தமாக ஒரு செட் வைத்துக்கொள்ளலாம் என்று பயிற்சியாளர் சொல்லிவிட்டார். புதிய செட்டின் விலை எனக்குக் கட்டுப்படியாகாது என்பதால் பழையது தேடிக்கொண்டிருந்தேன். 5 முதல் 9 வரையிலான அயர்ன்கள் (உலோகத் தலை மட்டைகள்), பிட்சிங் வெட்ஜ் (குறைந்த தூரத்துக்கு), சாண்ட் வெட்ஜ் (மணலிலிருந்து அடிக்க), டிரைவர் (நெடுந்தூரம் அடிக்க), பட்டர் (பந்தைக் குழிக்குள் உருட்ட) ஆகியவற்றைப் பையுடன் சேர்த்து 55,000 ரூபாய்க்குத் தருவதாக ஒருவர் சொல்கிறார். அயர்ன்களில் இருப்பவை ஸ்டீல் ஷாஃப்ட் (மட்டையின் தண்டு), டிரைவரில் இருப்பது கிராஃபைட். படத்தில் எல்லாம் பளபளவென்று இருக்கின்றன. ஆனால் நேரில் போனால் எதை எப்படிப் பார்ப்பது என்று எனக்குத் தெரியவில்லை. டிரைவர் அசல்தானா என்பதை என்னைப் போன்ற ஒருவரால் கண்டுபிடிக்க முடியுமா?

இன்னொரு கேள்வியும் உண்டு. கொடைக்கானலில் பல ஆண்டுகள் ஆடிய என் பெரியப்பாவின் செட் ஒன்று வீட்டில் கிடக்கிறது. அதில் டிரைவரின் தலை மரத்தால் ஆனது. அதை விற்றால் ஏதாவது கிடைக்குமா?

கோவை ஆட்டக்காரர் எழுதியது:

நண்பருக்கு வணக்கம். டிரைவரிலிருந்தே தொடங்குகிறேன், ஏனென்றால் நான் ஏமாந்தது அதில்தான். ஆறு ஆண்டுகளுக்கு முன் இணையத்தில் அறிமுகமான ஒருவரிடம் பெயர் பெற்ற நிறுவனத்தின் டிரைவர் ஒன்றைப் பாதி விலைக்கு வாங்கினேன். எழுத்து, வண்ணம், உறை எல்லாம் அச்சு அசலாக இருந்தன. மூன்றாவது வாரத்தில் பந்தின் ஒலி மாறியது. பழுது பார்ப்பவரிடம் கொண்டுபோனபோது அவர் தன் மேசையில் கிடந்த சிறு காந்தத்தை எடுத்து முகப்பில் (பந்தை அடிக்கும் பக்கத்தில்) வைத்தார், அது பட்டென்று ஒட்டிக்கொண்டது. அந்த மாடலின் முகப்பு டைட்டானியத்தால் செய்யப்பட்டது, டைட்டானியத்தில் காந்தம் ஒட்டாது. என்னிடம் வந்து சேர்ந்தது சாதாரண எஃகு.

ஆகவே ஒரு காந்தத்தைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு போங்கள். அடிப்புறத்தில் உள்ள எடைத் திருகுகளில் ஒட்டினால் கவலைப்பட வேண்டாம், அவை எஃகாக இருக்கக்கூடும், முகப்பில்தான் சோதிக்க வேண்டும். காந்தம் ஒட்டவில்லை என்பதாலேயே அது அசல் என்றும் முடிவு கட்டிவிடாதீர்கள். தலை ஷாஃப்ட்டுடன் சேரும் கழுத்துப் பகுதியில் வரிசை எண் பொறிக்கப்பட்டிருக்கிறதா என்று பார்த்து, அந்த எண்ணைப் படம் எடுத்து நிறுவனத்துக்கு அனுப்பிக் கேளுங்கள். பிங் நிறுவனத்தின் அயர்னாக இருந்தால், அந்த எண்ணைக் கொண்டே அது முதலில் என்ன அளவுகளில் செய்து அனுப்பப்பட்டது என்பதையும் அவர்கள் சொல்லிவிடுவார்கள். அயர்ன்களைப் பொறுத்தவரை, பல நிறுவனங்கள் ஒரு செட்டில் ஒரேயொரு மட்டையில்தான் எண் பொறிக்கின்றன. மற்றவற்றில் இல்லையே என்று விற்பவரைச் சந்தேகிக்க வேண்டாம்.

டிரைவரின் மேற்புறத்தில் பந்து பட்டு ஏற்பட்ட கீறல்கள் இருந்தால் அவை அழகைக் கெடுக்குமே தவிர ஆட்டத்தைக் கெடுக்காது, அவற்றைக் காட்டி விலையைக் குறைத்துக் கேட்கலாம். முகப்பில் மயிரிழை விரிசல் இருந்தால் மட்டும் பேச்சே வேண்டாம், எழுந்து வந்துவிடுங்கள். கொஞ்சம் முகப் பவுடரைத் தூவித் துடைத்தால் கண்ணுக்குத் தெரியாத விரிசலில் வெள்ளைக் கோடு தங்கி நிற்கும். முகப்பின் மேல் ஓர் இரும்பு ஸ்கேலை நிறுத்திப் பார்ப்பதும் நல்லது. நல்ல முகப்பு நடுவில் மெலிதாகப் புடைத்திருக்கும், ஆகவே ஸ்கேல் இரு ஓரங்களிலும் சற்றே தூக்கி நிற்க வேண்டும். நடுவில் இடைவெளி தெரிந்தால் முகப்பு உட்குழிந்துவிட்டது என்று பொருள்.

கிளப் போட்டிகளில் ஆடும் எண்ணம் இருந்தால், கோல்ஃப் விதிகளை வகுக்கும் ஆர் அண்ட் ஏ, யூஎஸ்ஜிஏ அமைப்புகள் இணையத்தில் வெளியிட்டிருக்கும் அனுமதிக்கப்பட்ட டிரைவர் தலைகளின் பட்டியலில் அந்த மாடலும் அதன் லாஃப்ட்டும் (முகப்பின் சாய்வுக் கோணம்) இருக்கின்றனவா என்று ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

பட்டறைக்காரர் எழுதியது:

வணக்கம் ஐயா. பதினெட்டு ஆண்டுகளாக மட்டைகளுக்குப் பிடி மாற்றுவதும் ஷாஃப்ட் மாற்றுவதும்தான் என் தொழில். மேலே நண்பர் டிரைவரைப் பற்றிச் சொன்னது முழுக்கச் சரி. ஆனால் வாங்க வருபவர்கள் எல்லோரும் தலையைப் புரட்டிப் புரட்டிப் பார்க்கிறார்கள், ஷாஃப்ட்டை யாரும் பார்ப்பதில்லை என்பதுதான் என் ஆதங்கம். ஒரு பழைய செட்டின் ஆயுளைத் தீர்மானிப்பது ஷாஃப்ட்தான்.

முதலில் எல்லா அயர்ன்களையும் சமதளமான தரையில் எண் வரிசைப்படி சுவரில் சாய்த்து நிறுத்துங்கள். ஒவ்வொன்றும் முந்தையதைவிட ஏறத்தாழ அரை அங்குலம் குட்டையாகப் படிக்கட்டு போல இறங்கி வர வேண்டும். ஒரு படி தவறியிருந்தால் அந்த மட்டை எப்போதோ முறிந்து வேறு ஷாஃப்ட் போடப்பட்டது என்று அர்த்தம். பிடிக்குக் கீழே ஒட்டியிருக்கும் ஷாஃப்ட் பட்டையின் பெயரும் எழுத்தும் எல்லாவற்றிலும் ஒன்றாக இருக்கின்றனவா என்றும் பாருங்கள். அந்த எழுத்து ஆர் என்றோ எஸ் என்றோ இருக்கும், ஷாஃப்ட்டின் விறைப்பை அது குறிக்கிறது. இதற்கு எல்லா நிறுவனங்களுக்கும் பொதுவான அளவுகோல் கிடையாது. ஒரு நிறுவனத்தின் ஆர் மற்றொன்றின் எஸ்ஸுக்கு நெருக்கமாக இருக்கலாம். ஆகவே எழுத்தை மட்டும் நம்பாமல், கூடுமானால் பயிற்சித் திடலில் இருபது பந்துகளாவது அடித்துப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

ஸ்டீல் ஷாஃப்ட்டில் சென்னைக்காரர்கள் பயப்பட வேண்டியது துருவைத்தான். வெளியே பளபளப்பாக இருக்கும், உள்ளே அரித்திருக்கும். நான் செய்யும் சோதனை மிக எளியது. ஒரு வெள்ளைத் தாளைத் தரையில் விரித்து, தலை மேலே இருக்கும்படி மட்டையைப் பிடித்து, பிடியின் நுனியால் தாளில் நாலைந்து முறை தட்டுவேன். பிடியின் நுனியில் ஒரு சிறு துளை இருக்கும், உள்ளே துரு இருந்தால் அந்தத் துளை வழியே செங்கல் தூள் போலத் தாளில் கொட்டும். சென்ற மாதம் ஒருவர் கொண்டுவந்த 7 அயர்னிலிருந்து ஒரு தேக்கரண்டி அளவுக்குக் கொட்டியது. பிடியை அறுத்துப் பார்த்தேன், அதற்குள் இருந்த ஷாஃப்ட்டில் கட்டை விரல் நகத்தை வைத்தால் உள்ளே இறங்கியது. அப்படிப்பட்ட மட்டை அடிக்கும்போது முறிந்தால் பக்கத்தில் நிற்பவருக்கும் ஆபத்து.

கிராஃபைட்டுக்கு வேறு நோய். பையின் விளிம்பில் உரசி உரசி மேல்பூச்சு போய் இழை வெளியே தெரியும். ஒரு பஞ்சுத் துண்டை ஷாஃப்ட் முழுவதும் மெதுவாக ஓட்டிப் பாருங்கள். விரிசல் இருக்கும் இடத்தில் பஞ்சின் நூல்கள் சிக்கி நிற்கும். பிறகு தலையை ஒரு கையிலும் பிடியை மறு கையிலும் பற்றி இலேசாக முறுக்குங்கள். நெறுநெறுவென்ற ஒலி கேட்டால் பசை விட்டிருக்கிறது அல்லது ஷாஃப்ட் பிளந்திருக்கிறது. கழுத்தில் உள்ள கறுப்புப் பிளாஸ்டிக் வளையத்துக்கும் தலைக்கும் நடுவே இடைவெளி தெரிகிறதா என்பதையும் கவனியுங்கள். வெயிலில் நிற்கும் காரின் டிக்கியில் மாதக்கணக்கில் கிடந்த பைகளில் இதை அடிக்கடி பார்க்கிறேன், அந்தச் சூட்டில் எபாக்ஸி பசை இளகிவிடுகிறது. பசை விட்டது மட்டும்தான் குறை என்றால் அரைநாள் வேலைதான், அதற்காகச் செட்டை வேண்டாம் என்று சொல்லாதீர்கள். தலைக்குள் ஏதோ உருளும் ஓசையும் பெரும்பாலும் பசைத் துணுக்குதான்.

சாண்ட் வெட்ஜின் முகப்பில் உள்ள வரிப்பள்ளங்களை நகத்தால் குறுக்கே கீறிப் பாருங்கள். நகம் தடுக்காமல் வழுக்கிக்கொண்டு போனால் அந்த வெட்ஜுக்கு விலையே போடாதீர்கள். மணலில் ஆடுவதால் செட்டில் முதலில் தேய்வது அதுதான். பிடிகள் எல்லாம் இறுகிப் பளபளத்திருந்தால், எட்டு ஒன்பது மட்டைகளுக்குப் புதிய பிடி போடும் செலவைக் கணக்கிட்டு விலையிலிருந்து கழித்துக் கேளுங்கள்.

கொடைக்கானல் பழைய உறுப்பினர் எழுதியது:

உங்கள் பெரியப்பாவின் மரத்தலை டிரைவரைப் பற்றி மட்டும் சொல்கிறேன். அது பெரும்பாலும் பெர்சிமன் மரமாக இருக்கும். 1979-இல் டெய்லர்மேட் நிறுவனம் உலோகத் தலையைக் கொண்டுவந்த பிறகுதான் இவை மெல்ல மெல்ல மறைந்தன. இருந்தாலும் 1993-இல் ஜெர்மன் வீரர் பெர்ன்ஹார்ட் லாங்கர் அமெரிக்காவின் புகழ்பெற்ற மாஸ்டர்ஸ் போட்டியில் பட்டம் வென்றது பெர்சிமன் டிரைவரை வைத்துத்தான். விற்பனையில் பெரிய தொகையை எதிர்பார்க்காதீர்கள். இத்தகைய மட்டைகள் உலகெங்கும் இலட்சக்கணக்கில் செய்யப்பட்டவை, சேகரிப்பவர்கள் அரிய மாடல்களுக்கு மட்டுமே விலை தருவார்கள். விற்பதென்றால் தயவுசெய்து உப்புத்தாள் போட்டுத் தேய்க்கவோ வார்னிஷ் அடிக்கவோ வேண்டாம். கழுத்தில் சுற்றியிருக்கும் நூல், முகப்பில் பதித்திருக்கும் துண்டு, அடித்தகடு ஆகிய மூன்றையும் நல்ல வெளிச்சத்தில் படம் எடுத்து, மரத்தில் வெடிப்பு இருந்தால் அதையும் மறைக்காமல் காட்டி விளம்பரம் கொடுங்கள். என்னைக் கேட்டால், அதை மட்டும் எடுத்து வைத்துக்கொண்டு மற்றவற்றை விற்றுவிடலாம்.

அடையாறு வாசகர் மீண்டும் எழுதியது:

பதில் எழுதிய மூவருக்கும் மனமார்ந்த நன்றி. ஞாயிற்றுக்கிழமை காந்தம், பஞ்சு, ஸ்கேல், வெள்ளைத் தாள் எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு போனேன். விற்பவர் நல்ல மனிதர், பொறுமையாகச் சோதிக்க விட்டார். டிரைவரின் முகப்பில் காந்தம் ஒட்டவில்லை, விரிசலும் இல்லை. வரிசை எண்ணை நிறுவனத்துக்கு அனுப்பியிருக்கிறேன். அயர்ன்களைச் சுவரில் நிறுத்தியதும் 8 மட்டும் 7-இன் உயரத்துக்கே நின்றது. கேட்டபோது, ஒருமுறை மரத்தின் வேரில் பட்டு முறிந்ததால் ஷாஃப்ட் மாற்றியதாகவும், அதைச் சொல்ல மறந்துவிட்டதாகவும் ஒப்புக்கொண்டார். தாளில் துரு கொட்டவில்லை. சாண்ட் வெட்ஜில் நகம் வழுக்கியது. அதைத் தவிர்த்து, 8 அயர்னுக்குச் சரியான ஷாஃப்ட் போடும் செலவையும் பிடிகளின் செலவையும் கழித்து 41,000 ரூபாய் என்று பேசியிருக்கிறோம். நிறுவனத்திடமிருந்து பதில் வந்தவுடன் பணம் கொடுப்பதாகச் சொல்லி, முன்பணமாக 2,000 ரூபாய் கொடுத்து ரசீது வாங்கி வந்தேன்.

பட்டறைக்கார ஐயாவிடம் ஒரு வேண்டுகோள். 8 அயர்னுக்கு அதே பழைய மாடல் ஷாஃப்ட் கிடைக்காவிட்டால், அதற்கு நெருக்கமான எடையுள்ள வேறொன்றைப் போடலாமா, அல்லது கிடைக்கும்வரை 7-ஐயும் 9-ஐயும் வைத்தே ஆடுவது நல்லதா?

பட்டறைக்காரர் எழுதியது:

எடை ஐந்து கிராமுக்குள் ஒத்துப்போய், விறைப்பும் ஒன்றாக இருந்தால் தாராளமாகப் போடலாம். 7 அயர்னையும் 9 அயர்னையும் சேர்த்துக் கொண்டுவாருங்கள், மூன்றையும் தராசில் வைத்துப் பார்த்துவிட்டு 8-இன் நீளத்தை வெட்டுகிறேன்.