பிள்ளைகள் கையால் விலங்குகளுக்கு உணவூட்டும் இடங்கள்: குடும்பத்துடன் போகலாமா?

அட்டன் வாசகி (கேள்வி)

வணக்கம். டிசம்பர் விடுமுறையில் எங்கள் இரு பிள்ளைகளையும் மாமியாரையும் அழைத்துக்கொண்டு, ஆடு, முயல், மான் போன்றவற்றுக்குத் தம் கையாலேயே உணவு கொடுக்கக்கூடிய ஒரு விலங்குப் பூங்காவுக்குச் செல்ல எண்ணியிருக்கிறோம். மூத்தவனுக்கு எட்டு வயது. இளையவளுக்கு இன்னும் நான்கு நிறையவில்லை. தோட்டத்தில் மாடு கன்றுகளோடு வளர்ந்தவர்கள் என்பதால் பயமில்லை. ஆனால், வருவோரெல்லாம் நாள் முழுவதும் ஊட்டுவது அந்த விலங்குகளுக்கு நல்லதா, இளையவளுக்கு நோய் ஏதும் தொற்றுமா என்பதை அறிந்தவர்கள் சொல்ல வேண்டுகிறேன்.

நுவரெலியா, கால்நடைப் பணியாளர்

சகோதரி, உணவை யார் தருகிறார்கள், எவ்வளவு தருகிறார்கள் என்பதை முதலில் விசாரியுங்கள். பூங்காவே புல்லையும் இலைதழையையும் அளந்து கொடுத்து, அன்றைய பங்கு முடிந்ததும் நிறுத்திவிடுமானால் போகலாம். வீட்டிலிருந்து பாண், பிஸ்கட் கொண்டுவர அனுமதிக்கும் இடத்துக்குப் போகவே வேண்டாம். ஆடு, மான் முதலிய அசைபோடும் விலங்குகள் மாவுப்பொருளை அதிகமாகத் தின்றால் முதல் இரைப்பையில் அமிலம் பெருகி, வயிறு உப்பி, சில வேளை இறந்தும் போகும். கூட்டம் மிகும்போது அவை ஒதுங்கிக்கொள்ள மனிதர் நுழையாத ஓர் இடம் இருக்கிறதா என்பதையும் பாருங்கள்; அது இல்லாத இடத்தில், பசியில்லாத ஆடும் பிள்ளைகளுக்கு முன்னால் நின்றே ஆக வேண்டியிருக்கும்.

ஹோட்டன் சமவெளியில் வாழும் மரைகளை (பெரிய மான்களை) நினைத்தால் எனக்கு இன்றும் மனம் வேகிறது. 1988 முதல் அது தேசியப் பூங்கா. வாசலிலேயே பொலித்தீனை அகற்றுகிறார்கள். அப்படியிருந்தும் வாகனத்தரிப்பிடத்தில் மரைகளுக்குத் தின்பண்டம் நீட்டும் பழக்கம் ஒழியவில்லை. இறந்த மரைகளின் வயிற்றில் பிளாஸ்டிக் கண்டெடுக்கப்பட்டிருக்கிறது.

பண்டாரவளை ஆசிரியை

நோயைப் பற்றிக் கேட்டீர்கள். நலமாகத் தோன்றும் ஆடு, கன்றுகளின் சாணத்திலும் ஈ.கோலை, சல்மொனெல்லா, கிரிப்டோஸ்போரிடியம் போன்ற கிருமிகள் இருக்கக்கூடும். ஐந்து வயதுக்குக் குறைந்தவர்களும் முதியவர்களும் இவற்றால் கடுமையாகப் பாதிக்கப்படலாம் என்பதால், இளையவளோடு உங்கள் மாமியாரையும் கவனியுங்கள். கிரிப்டோஸ்போரிடியத்துக்குக் கைகழுவும் ஜெல் போதாது. சவர்க்காரமும் ஓடும் நீரும் வேண்டும். விரல்களைச் சேர்த்து உள்ளங்கையை விரித்து உணவை நீட்டப் பழக்குங்கள். கை கழுவும் வரை விரல் வாய்க்குப் போகக் கூடாது, கூட்டுக்கு அருகில் சாப்பாட்டுப் பொதியையும் பிரிக்கக் கூடாது.

ஊட்டுவதைப் பார்த்தாலே போதுமென்றால், உடவளவை யானைக்குட்டிகள் இடைத்தங்கல் நிலையத்தை நான் மனமார விரும்பிச் சொல்வேன். வனஜீவராசிகள் திணைக்களத்தின் கீழ் 1995 இல் தொடங்கிய அங்கே, தாயை இழந்த குட்டிகளுக்கு மூன்று மணித்தியாலத்துக்கு ஒருமுறை பால் கொடுக்கிறார்கள். அவை மீண்டும் காட்டுக்குப் போக வேண்டியவை. மனிதரோடு பழகிவிடக் கூடாது என்பதற்காகவே பார்வையாளர்களைத் தொலைவில் நிறுத்துகிறார்கள்.

அட்டன் வாசகி

இருவருக்கும் மிக்க நன்றி. உடவளவைக்கே போக முடிவு செய்துவிட்டோம். பால் கொடுக்கும் எல்லா வேளைகளிலும் பார்வையாளர்களை அனுமதிப்பார்களா?

பண்டாரவளை ஆசிரியை

இல்லை, பகலில் குறிப்பிட்ட சில வேளைகளில் மட்டுமே. முதல் நாள் தொலைபேசியில் நேரத்தைக் கேட்டுக்கொண்டு, சற்று முன்னதாகவே போய்விடுங்கள். குட்டிகள் ஓடி வந்து பாலைக் குடித்துவிட்டு உடனே திரும்பிவிடும்.