மிஸ்டரி குவில்ட் அனுபவங்கள்: இன்னும் உறுத்துவது எது?
(துணித்துண்டுகளைச் சதுரச் சதுரமான பிளாக்குகளாகச் சேர்த்துத் தைக்கும் விரிப்புதான் குவில்ட். முடிவு எப்படி இருக்கும் என்று காட்டாமல், ஒவ்வொரு படியையும் ஒரு ‘க்ளூ’வாகக் கொடுத்துத் தைக்கச் சொன்னால் அது மிஸ்டரி குவில்ட்.)

பிஸ்தா பச்சை:
ஐந்தாவது க்ளூ வரை எனக்கு ஒரு குறையும் இல்லை. முனைகள் எல்லாம் முனையோடு சேர்ந்தன, ஒரு தையலைக்கூடப் பிரிக்கவில்லை. ஆறாவதில்தான் எல்லாவற்றையும் அடுக்கிப் பார்க்கச் சொன்னார்கள். பன்னிரண்டு பேரும் தரையில் விரித்தோம். மற்ற பதினொன்றிலும் நட்சத்திரம் பளிச்சென்று இருக்கிறது. என்னுடையதில் காணோம். தைத்தேன், எண்ணிக்கை பிசகாமல் 20 தைத்தேன், கண்ணுக்குத்தான் தெரியவில்லை. ‘வெளிர்’ என்று போட்டிருந்த இடத்துக்கு நான் எடுத்தது பிஸ்தா பச்சை, ‘நடுத்தரம்’ என்ற இடத்துக்கு ரோஜா. பச்சை வேறு, ரோஜா வேறுதானே என்று இருந்துவிட்டேன். ஒருவர் மொபைலில் கறுப்பு வெள்ளையில் படம் எடுத்துக் காட்டினார். முழுக்க ஒரே சாம்பல்; நிறம்தான் வேறு, வெளுப்பு இரண்டிலும் ஒன்றே. வெறும் சுவரைப் படம் பிடித்த மாதிரி.

அதுகூடப் பரவாயில்லை. பக்கத்தில் இருந்தவர் ரொம்ப வேகமாக, “சாஃப்டா இருக்குல்ல!” என்றார். அந்த ‘சாஃப்டு’ இன்னும் காதில் இருக்கிறது.

நூல்கண்டு:
அக்கா, உங்களுக்குத் தைத்தது தைத்தபடியாவது இருந்தது. எங்களுக்கு வந்த நான்காவது க்ளூ இது: ‘இரண்டாவது க்ளூவில் தைத்த 48 பிளாக்கில் பாதியை எடுத்து, மூலைக்கு மூலை குறுக்கே வெட்டவும்.’ தப்பாக அச்சாகிவிட்டது என்றுதான் எல்லோரும் நினைத்தோம். இல்லையாம். இரண்டு வாரம் உட்கார்ந்து, நடுவில் நாலு தையலும் ஒரே புள்ளியில் சேரச் சேர ரசித்துத் தைத்தது அது. இப்போது அந்தப் புள்ளி வழியாகவே வெட்ட வேண்டும்.

ஸ்கேலை வைத்தேன், ரோட்டரி கட்டரை (உருளும் வட்டக் கத்தி) திறந்தேன். கை இறங்கவில்லை. சுற்றிலும் மற்றவர்கள் வெட்டும் சத்தம் கேட்கிறது. எனக்கு எதிரில் இருந்த பெரியம்மா எழுந்து வந்து, என் கைமேல் தன் கையை வைத்து ஒரே அழுத்து. “இன்னும் 23 இருக்கு, அதை நீயே பண்ணு” என்று சொல்லிவிட்டுப் போய் உட்கார்ந்துவிட்டார். நன்றி சொல்வதா கோபப்படுவதா என்று இன்றுவரை தெரியவில்லை.

அளவுகோல்:
முதலில் எழுதியவருக்கு: துணி எடுக்கும் முன்பே அந்தக் கறுப்பு வெள்ளைப் படத்தை எடுத்திருக்க வேண்டும். என் கதை சின்னது: மொத்த மேல்விரிப்பும் ஒரு அங்குலம் குறைந்தது, பார்டர் பொருந்தவில்லை, அவ்வளவுதான். ஆனால் காரணத்தைக் கண்டுபிடித்தேன், எல்லோருக்கும் உதவும். ஒரு தையலில் அங்குலத்தில் பதினாறில் ஒரு பங்கு கூடப் போனால் கண்ணுக்கே தெரியாது. குறுக்காக 16 தையல் இருந்தால் ஒரு அங்குலம் காலி. க்ளூ தொடங்கும் முன்பே சோதியுங்கள். ஒன்றரை அங்குல அகலத்தில் மூன்று பட்டை வெட்டி, கால் அங்குலம் விட்டுச் சேர்த்துத் தையுங்கள். இஸ்திரி போட்டு அளந்தால் நடுப்பட்டை சரியாக ஒரு அங்குலம், மொத்தம் மூன்றரை அங்குலம் இருக்க வேண்டும். குறைந்தால் ஊசியை ஒரு நூலிழை அளவு வலப்பக்கம் நகர்த்துங்கள். துணி மடிந்து திரும்புகிற இடமே கொஞ்சம் சாப்பிட்டுவிடும், அதனால் கால் அங்குலத்துக்கு ஒரு நூலிழை குறைவாக விட்டுத் தைப்பதுதான் முறை. அப்புறம், இஸ்திரிப் பெட்டியைத் தேய்க்காதீர்கள். வைத்து எடுங்கள். இரண்டாமவர் குறுக்கே வெட்டியது கிராஸ் ஓரம், அதாவது துணியின் இழைகளுக்குச் சாய்வாக வெட்டிய ஓரம், தேய்த்தால் இழுத்துக்கொண்டு அலை அலையாக நிற்கும். வெட்டும் முன்பே கஞ்சி போட்டிருந்தால்...

பிஸ்தா பச்சை:
சார், என் பிரச்சினை அளவு இல்லை. நிறம்.

அளவுகோல்:
அளவு சரியாக இருந்தால் மற்றதெல்லாம் சரியாகும்.

நூல்கண்டு:
எப்படி?

ஏழாம் க்ளூ:
சண்டை வேண்டாம். நான் தைத்தவள் இல்லை, க்ளூ எழுதியவள். அது இன்னும் மோசம்.

எல்லா ஓரமும் தைத்து முடிந்தபின் 4 அங்குலம் வரவேண்டிய அரைச்சதுர முக்கோணங்கள், அதாவது இரண்டு நிற முக்கோணங்களைச் சேர்த்த சதுரங்கள். அதற்குச் சதுரம் 4⅞ அங்குலம் வெட்ட வேண்டும். நான் 4½ என்று அடித்துவிட்டேன். மூன்றாவது க்ளூ அன்று உள்ளே போகிறேன், அத்தனை மேசையிலும் அடுக்கடுக்காக வெட்டி முடித்திருக்கிறார்கள். ஒருவர் உற்சாகமாக, “ஆளுக்கு 80 சதுரம், முடிச்சுட்டோம்!” என்கிறார். தலையை ஆட்டினேன். வாயைத் திறந்திருக்க வேண்டும். திறக்கவில்லை.

அன்று ராத்திரி உட்கார்ந்து மிச்சமிருந்த க்ளூக்கள் எல்லாவற்றையும் மாற்றினேன். 4½ வெட்ட வேண்டிய சதுரமெல்லாம் 4⅛ ஆனது. 12 அங்குலம் வரவேண்டிய பிளாக் 10⅞ ஆனது. குறைந்ததை ஈடுகட்ட யாரும் கேட்காத ஒரு பார்டரைக் கூடச் சேர்த்தேன். எல்லாருடைய குவில்ட்டும் அழகாகவே முடிந்தது, அந்தப் பார்டரைத்தான் அதிகம் பாராட்டினார்கள்.

கடைசி நாளில் ஒருவர் மட்டும் ஸ்கேலோடு வந்தார். “எல்லா அளவும் முழுசு முழுசா வந்துட்டிருந்தது. மூணுக்கு அப்புறம் ஏன் எல்லாமே எட்டில் ஒரு பங்கு?” என்று கேட்டார். “அதுதானே மிஸ்டரி” என்றேன். அவர் சிரிக்கவில்லை. ஸ்கேலை மடியில் வைத்துக்கொண்டு என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அளவுகோல்:
4½ வெட்டினால் முக்கோணங்களைச் சேர்த்ததும், சுற்றிலும் தையலுக்கு விட்ட ஓரத்தோடு 4⅛ தான் வரும், கணக்கு சரி. ஆனால் க்ளூ கொடுக்கும் முன் ஒரே ஒரு பிளாக் தைத்துப் பார்த்திருக்கலாமே?