ஓடியது 57 யார்டுதான்

குழு: நம்ம வீடு
10 பிப்ரவரி 2025, திங்கள்

பெரியப்பா (காலை 9:06): ஐந்து மணிக்கே எழுந்து சூப்பர் பௌல், அந்த அமெரிக்க ஃபுட்பால் இறுதி ஆட்டம், முழுதும் பார்த்தேன். 40–22. உங்கள் ஊர் ஈகிள்ஸ் ஜெயித்தது சரி. மூன்று மாதமாக நீ புகழ்ந்து தள்ளிய, பந்தோடு ஓடுகிற அந்தப் பார்க்லி என்னப்பா செய்தான்? பந்தை வாங்குகிறான், கும்பலில் முட்டுகிறான், விழுகிறான். இதற்காகவா பால் பொங்கி வழிந்ததுகூடத் தெரியாமல் உட்கார்ந்திருந்தேன்?

அத்தை: அடுப்பைத் துடைத்தது யார் என்று அண்ணி எனக்கு போன் போட்டுச் சொல்லியாகிவிட்டது.

நான்: இங்கே ஃபிலடெல்ஃபியா பக்கத்தில் எக்ஸ்டனில் தெரு முழுக்க ஹாரன் சத்தம் 😄 ஃபிலடெல்ஃபியா ஊருக்குள் இன்றிரவு யாரும் தூங்கப்போவதில்லை. நீங்கள் சொல்வது சரிதான் பெரியப்பா. 25 தடவை ஓடி 57 யார்டு. ஒரு ஓட்டத்துக்கு இரண்டு யார்டும் சொச்சமும். சீசனில் 2,005 யார்டு ஓடியவன். இன்று அவனுக்கு 28-வது பிறந்த நாள் வேறு.

தம்பி: ஆக, அண்ணாவின் கட்சி தோற்றது. ‘ஓட்டம் இருந்தால்தான் பாஸ் திறக்கும்’ என்று தீபாவளியிலிருந்து சொல்கிறார். ஓட்டம் அடைபட்டது. பாஸ் என்ன ஆனது? பந்தை எறிகிற குவார்ட்டர்பேக் ஹர்ட்ஸ் 22 எறிந்து 17 சேர்த்தான், 221 யார்டு, இரண்டு டச்டவுன் (பந்தைக் கோல் கோட்டுக்கு அப்பால் சேர்ப்பது).

நான்: தோற்கவில்லையடா. அதுதான் என் கட்சியே.

பாப்பு: சாக்கு வாங்க பார்க்கலாம் ஓடாவிட்டாலும் எல்லாரும் அவனையே பார்த்தார்கள்

அத்தை: எதுக்குடி சாக்கு? நெல்லு ஏதும் வருதா?

நான்: பாப்பு பேசியே டைப் செய்கிறாள் அத்தை. ‘சாக்வான் பார்க்லி’ அது. பாப்பு, நாளைக்கு ஸ்கூல். படு.

பாப்பு: 5 நிமிஷம் அப்பா

நான்: பெரியப்பா, விளையாட்டை விடுங்கள், கணக்கைப் பாருங்கள். தடுப்பவர்கள் 11 பேர். பந்து வைக்கும் கோட்டருகே, நடுவில் நெருங்கி நிற்கும் இடத்துக்குப் பெயர் பாக்ஸ். அங்கே ஆறு ஏழு பேர் இருப்பார்கள். பார்க்லி மாதிரி ஆள் பின்னால் நின்றால், ஆழத்தில் நிற்கும் சேஃப்டிகளில் ஒருவனையும் கீழே இறக்கி எட்டாக்குவார்கள். மிச்சம் மூன்று பேர். எறியும் பந்தைப் பிடிக்க வெளியே ஏ.ஜே. பிரௌன் ஒரு பக்கம், டெவான்டா ஸ்மித் இன்னொரு பக்கம். ஆளுக்கு ஒரு காவல், நடுவில் ஒற்றை சேஃப்டி. அவன் எந்தப் பக்கம் ஓடினாலும் மறுபக்கம் காலி.

பெரியப்பா: புரிகிறது. வேகப்பந்துக்காரனுக்கு மூன்று ஸ்லிப் வைத்தால் கவரில் ஆள் இருக்காது. எட்ஜ் வருகிறதோ இல்லையோ, அந்த மூன்று பேரும் அங்கேதான் நின்றாக வேண்டும்.

நான்: அதேதான். எதிரணி கான்சாஸ் சிட்டிக்காரர்கள் இன்று வந்ததே பார்க்லியை அடைக்கத்தான். அடைத்தார்கள், நன்றாகவே. அதற்குக் கொடுத்த விலை, ஸ்மித்துக்குப் போன அந்த 46 யார்டு பந்து.

தம்பி: ஓடினால் ‘பார், ஓட்டம்’. ஓடாவிட்டால் ‘பார், பயம்’. எப்படி விழுந்தாலும் மீசையில் மண் ஒட்டாது உங்களுக்கு.

தம்பி: தரவு என்ன சொல்கிறது தெரியுமா? ஓடுவதுபோலப் பாசாங்கு காட்டிவிட்டு எறிவதுதானே ப்ளே-ஆக்‌ஷன். 2018-இல் பென் பால்ட்வின் என்பவர் என்எஃப்எல் (இந்த லீக்) கணக்குகளை வைத்துப் பார்த்தார். அணி எத்தனை தடவை ஓடுகிறது, எவ்வளவு நன்றாக ஓடுகிறது என்பதற்கும் ப்ளே-ஆக்‌ஷன் பலிப்பதற்கும் சம்பந்தமே காணவில்லை. மோசமாக ஓடும் அணிக்கும் அந்தப் பாசாங்கு பலிக்கிறது. ‘முதலில் ஓடி ஓடி நம்பவைக்கணும்’ என்பது டிவி வர்ணனையாளர்களின் பழைய பாட்டு.

பெரியப்பா: அதெப்படி? எங்கள் கிளப்பில் நான் ஸ்லோ பால் போட்டு விக்கெட் எடுத்ததெல்லாம் அதற்கு முந்தின நாலு பந்தை வேகமாகப் போட்டதால்தான்.

தம்பி: உங்கள் வேகப்பந்து விக்கெட் எடுத்ததா பெரியப்பா?

பெரியப்பா: எல்லா நாளும் எடுக்குமா?

தம்பி: எடுக்காத நாளிலும் ஸ்லோ பால் பலித்ததல்லவா? கை ஒரே மாதிரி சுற்றியது, அவ்வளவுதான். பேட்ஸ்மேன் ஏமாந்தது கையைப் பார்த்து. உங்கள் ஸ்கோர்கார்டைப் பார்த்து இல்லை.

பெரியப்பா: 110 கி.மீ. வேகத்தில் போடுகிறவனின் ஸ்லோ பாலுக்கு எவனப்பா ஏமாறுவான்?

பெரியப்பா: இந்தச் செய்தி நீக்கப்பட்டது

பெரியப்பா: நான் போட்டது 110-க்கு மேல். அதை யாரும் கிளற வேண்டாம்.

நான்: தம்பி சொல்வதில் பாதியை ஒத்துக்கொள்கிறேன். ப்ளே-ஆக்‌ஷனில் லைன்பேக்கர் (பாக்ஸில் நிற்கும் தடுப்பாளன்) பார்ப்பது ஓடுபவனைக்கூட இல்லை, எதிரே நிற்கும் கார்டை, அதாவது ஓடுபவனுக்காக முட்டி வழிவிடும் ஆளை. அவன் தலை தாழ்ந்து முன்னால் பாய்ந்தால் ஓட்டம். தலை நிமிர்ந்து பின்வாங்கினால் பாஸ். கண் சிமிட்டும் நேரம்தான் இருக்கிறது. அதில் யோசிக்க முடியாது, சின்ன வயதிலிருந்து பழகிய கால் தானாக முன்னால் வைத்துவிடும். வைக்காமல் நின்றால் அது நிஜ ஓட்டமாகிப் பத்து யார்டு போய்விடும். அதனால் யார் ஓடினாலும் பாசாங்கு பலிக்கும். சரி.

பாப்பு: எனக்கு நடந்தது அது தான்

பாப்பு: பெரிய தாத்தா எங்கள் ஃப்ளாக் ஃபுட்பால் மேட்சில் நான் நடுவில் நின்றேன். அந்த டீம் பொண்ணு பந்தை வாங்கி வயிற்றோடு கட்டிக்கொண்டு ஓடி வந்தாள். நான் பாய்ந்து இடுப்பு ஃப்ளாகை உருவிட்டேன். பந்து வைத்திருப்பவளின் ஃப்ளாகை உருவினால் ஓட்டம் நின்றுவிடும். மேலே தூக்கிக் காட்டினேன். யாரும் கை தட்டவில்லை

பாப்பு: பந்து அவளிடம் இல்லை. என் பின்னால் டச்டவுன் ஆயிடுச்சு. நான் ஃப்ளாகைப் பிடித்தபடி நின்றேன்

அத்தை: அடப் பாவமே. அந்தப் பொண்ணு நல்லா ஓடுறவளா?

பாப்பு: இல்லை அத்தைப் பாட்டி. ரொம்ப ஸ்லோ

தம்பி: நன்றி பாப்பு. சித்தப்பா கட்சிக்கு ஒரு ஓட்டு 🙏

நான்: இருடா. ஏமாறுவது ஒன்று, ஆளை மாற்றி நிறுத்துவது இன்னொன்று. பால்ட்வின் கணக்கு முதலாவதைப் பற்றியது. அந்த மெதுவான பெண்ணுக்காக எந்தக் கோச்சும் ஆட்டம் தொடங்குமுன்பே சேஃப்டியைக் கீழே இறக்கமாட்டார். பார்க்லிக்கு இறக்குவார். நான் சொல்லும் பயம் அது.

நான்: அப்புறம் மூன்றாவது ஒன்று இருக்கிறது, எனக்குப் பிடித்தது. குவார்ட்டர்பேக்கே ஓடுவது. சாதாரணமாக அவன் பந்தைக் கொடுத்துவிட்டு வேடிக்கை பார்ப்பான். ஆக, 11 தடுப்பாளருக்கு எதிராக 10 பேர்தான் வேலை செய்கிறார்கள். அவனே ஓடக்கூடியவன் என்றால், தடுப்பில் ஓர ஆளை யாரும் முட்டவே வேண்டாம். அவன் ஓடுபவனைப் பிடிக்க உள்ளே போனால் குவார்ட்டர்பேக் வெளியே ஓடுவான். வெளியே நின்றால் பந்தை ஓடுபவனிடம் விடுவான். முட்டாமலே ஓர் ஆள் கழிந்தான். இன்று ஹர்ட்ஸ் ஓடியது 72 யார்டு. சூப்பர் பௌலில் எந்தக் குவார்ட்டர்பேக்கும் அவ்வளவு ஓடியதில்லை. பழைய சாதனை 70, அதுவும் அவனுடையதே.

தம்பி: ஜெயித்த காரணத்தைச் சொல்லட்டுமா? அவர்களுடைய குவார்ட்டர்பேக் மஹோம்ஸை எறியுமுன்பே வீழ்த்தி ஆறு தடவை சாக் செய்தார்கள், கூடுதல் ஆளைப் பாயவிடும் பிளிட்ஸ் ஒன்றுகூட அனுப்பாமல். முதல் பாதியில் 24–0. அதில் பார்க்லியும் இல்லை, பயமும் இல்லை.

அத்தை: மறுபடியும் சாக்கா?

பெரியப்பா: 😂😂

நான்: அதை மறுக்கவில்லை. ஜெயித்தது தடுப்பால்தான். இன்னும் உன் பக்கம் ஒன்று தருகிறேன், வைத்துக்கொள். 2019 பால்டிமோர் ரேவன்ஸ். அணியாக 3,296 யார்டு ஓடினார்கள், லீக் சாதனை. அதில் குவார்ட்டர்பேக் லமார் ஜாக்சன் மட்டும் 1,206. ஓட்டத்துக்குப் பயந்து எல்லாரும் முன்னால் நெருங்க, நடுவில் காலியான இடத்தில் மார்க் ஆண்ட்ரூஸுக்குப் பந்து போய்க்கொண்டே இருந்தது. லமார் 36 டச்டவுன் பாஸ், அந்த வருடம் லீகிலேயே அதிகம். 14 வெற்றி, 2 தோல்வி. பிளேஆஃபில் டென்னசி டைட்டன்ஸிடம் சொந்த ஊரிலேயே 28–12 என்று தோற்றார்கள்.

பெரியப்பா: ஏன், பயம் தெளிந்துவிட்டதா?

நான்: சீக்கிரமே 14–0 பின்தங்கினார்கள். பின்தங்கினால் கடிகாரம் துரத்தும், எறிந்துதான் ஆக வேண்டும். லமார் அன்று 59 தடவை எறிந்தான். அத்தனைக்கும் அவனே 143 யார்டு ஓடினான். டைட்டன்ஸுக்குக் கவலையே இல்லை, ஓடட்டும் என்று விட்டார்கள். யார்டு இருக்கிறது, பயம் இல்லை. இன்றைக்கு நேர் தலைகீழ்.

தம்பி: ம்ம். இது நல்ல உதாரணம் 😏

நான்: அதே ஆட்டத்தில் எதிர்ப்பக்கம் டெரிக் ஹென்றி. 110 கிலோவுக்கு மேல் இருப்பான். 195 யார்டு ஓடினான். கோல் கோட்டுக்கு மூன்று யார்டு இருக்கும்போது பந்து நேராக அவன் கைக்கே வந்தது. ரேவன்ஸ் மொத்தமும் அவன்மேல் பாய்ந்தது. அவன் கோட்டருகே வந்து எம்பிக் குதித்து, தலைகளுக்கு மேலே பந்தைத் தூக்கிப் போட்டான். பின்னால் கோரி டேவிஸ் தனியாக நின்றுகொண்டிருந்தான். டச்டவுன். ஓடுபவன் எறிந்த டச்டவுன்!

பெரியப்பா: அவன் இப்போது எங்கே?

நான்: அடிபட்ட ரேவன்ஸே போன வருடம் கூட்டிக்கொண்டு வந்துவிட்டார்கள். இந்த சீசனில் 1,921 யார்டு. அவன் பக்கத்தில் நிற்க, லமார் 41 டச்டவுன் பாஸ், எதிரணி பறித்த பந்து (இன்டர்செப்ஷன்) நாலே நாலு.

தம்பி: இரண்டும் சேர்ந்து வந்ததால் ஒன்று மற்றதற்குக் காரணம் ஆகிவிடாது அண்ணா.

நான்: ஆகாது. ஆனால் லமாரைக் கேட்டால் ஹென்றியைத் திருப்பிக் கொடுப்பானா?

அத்தை: பாப்பு தூங்கிட்டாளா?

நான்: போனோடு தூங்கிவிட்டாள்.

பெரியப்பா: அந்தக் குதித்துப் போட்ட வீடியோ இருந்தால் அனுப்பு.

நான்: 📹 வீடியோ

பெரியப்பா (10:02): பார்த்தேன்.

பெரியப்பா: எறியப்போகிறான் என்று நீ எழுதியதைப் படித்துவிட்டுத்தான் பார்த்தேன். அப்படியும் அவன் குதிக்கிறவரைக்கும் கோட்டைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். பின்னால் நின்றவனை இரண்டாவது தடவைதான் கவனித்தேன்.

தம்பி: 110-க்கு மேல் பெரியப்பா 😄